குன்னூரில் எலிகளுக்கு 'மெட்ராஸ் சாப்பாடு' போட்ட டாக்டர்... யார் இந்த ராபர்ட் மெக்காரிசன்? அரிசி மேல் விழுந்த பழி உண்மையா?

சுமார் 100 வருஷத்துக்கு முன்னாடி, நீலகிரி மலையில் ஒரு ஆய்வுக்கூடம். வரிசையா கூண்டுகள். எல்லாக் கூண்டிலும் ஒரே வகை எலிகள், ஒரே வயசு, கிட்டத்தட்ட ஒரே எடை. வெளிச்சமும் காற்றும்கூட ஒண்ணுதான். ஒரே ஒரு வித்தியாசம், சாப்பாடு.

ஒரு கூண்டுக்குப் பஞ்சாபில் சாப்பிடும் உணவு. இன்னொண்ணுக்கு மராட்டியர் உணவு. வேறொண்ணுக்கு வங்காள உணவு. கடைசிக் கூண்டுக்கு மெட்ராஸ் மாகாணத்துச் சாப்பாடு.

சில மாதம் கழித்து எடை போட்டுப் பார்த்தபோது மெட்ராஸ் சாப்பாடு சாப்பிட்ட எலிகள்தான் கடைசி இடத்தில் இருந்தன. இந்த முடிவு அன்றைக்குப் பெரிய விவாதம் ஆனது. அரிசி சாப்பிடுறவங்க பலவீனமானவங்க என்ற பேச்சுக்கும் இது தீனி போட்டது. ஆனா அந்த ஆய்வு உண்மையில் சொன்ன விஷயம் வேற. அதைச் செய்த டாக்டரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அது புரியும். அவர் பெயர் ராபர்ட் மெக்காரிசன்.

அயர்லாந்தில் இருந்து சித்ரால் வரை

மெக்காரிசன் பிறந்தது 1878-ம் ஆண்டு மார்ச் 15-ம் தேதி, அயர்லாந்தின் வடக்குப் பகுதியில் உள்ள போர்ட்டடவுன் என்ற ஊரில். பெல்ஃபாஸ்ட் நகரில் மருத்துவம் படித்து 1900-ல் முதல் வகுப்பில் தேறினார். அடுத்த வருஷமே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கப்பல் ஏறிவிட்டார். அப்போ அவருக்கு வயசு 23.

முதலில் அனுப்பப்பட்டது சித்ராலுக்கு. இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கும் மலைப்பகுதி. அங்கே ராணுவ வீரர்களுக்கு ஒவ்வொரு கோடையிலும் 3 நாள் காய்ச்சல் வந்துபோகும். ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இளம் டாக்டரான மெக்காரிசன் அதைத் தொடர்ந்து கவனித்து, மணல் ஈ என்ற சிறு பூச்சிதான் காரணமாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அது சரி என்று பின்னால் உறுதியானது.

தன் உடம்பையே சோதனைக்குக் கொடுத்தவர்

அடுத்து கில்கிட். அங்கே சுமார் 7 ஆண்டுகள் வேலை பார்த்தார். அந்தப் பகுதியில் கழுத்துக் கழலை நோய் ரொம்ப அதிகம். ஒரே வாய்க்கால் தண்ணீரைக் குடிக்கும் கிராமங்களில், வாய்க்காலின் கீழ்ப்பக்கம் போகப்போக நோய் கூடுவதை அவர் கவனித்தார். மேல் கிராமங்களின் அழுக்கெல்லாம் கீழ் கிராமங்களுக்குத்தானே போகும்?

தண்ணீரை வடிகட்டி, அதில் தங்கிய கசடைத் தானே குடித்தார். தானாக முன்வந்த சிலரும் குடித்தார்கள். அவருக்கும் இன்னும் சிலருக்கும் தொண்டையில் வீக்கம் வந்தது. கொதிக்க வைத்த கசடைக் குடித்தவர்களுக்கு வரவில்லை.

இதை வைத்து, கழலைக்குக் கிருமிதான் முக்கியக் காரணம் என்று அவர் நம்பினார். அயோடின் பற்றாக்குறைதான் முதன்மைக் காரணம் என்பது பின்னால் உறுதியானது. இன்றைக்கு நம்ம வீட்டு உப்பில் அயோடின் சேர்ப்பது அதனால்தான். ஆக, இவர் சொன்னதெல்லாம் சரி என்று எடுத்துக்க முடியாது. ஆனா யாரோ சொன்னதை அப்படியே நம்பாமல் சோதித்துப் பார்க்கும் குணம் அவரிடம் கடைசி வரை இருந்தது.

ஹன்சா மக்கள் கிளப்பிய கேள்வி

கில்கிட்டில் இருந்தபோதுதான் அவர் மனதில் ஒரு கேள்வி விழுந்தது. பக்கத்தில் இருந்த ஹன்சா பள்ளத்தாக்கு மக்கள் நல்ல உடல்கட்டோடு இருந்தார்கள். செங்குத்தான மலையில் நாள் முழுக்க நடந்தார்கள். குடல்வால் அழற்சி, வயிற்றுப்புண் போன்ற நோய்களோடு அவரிடம் வந்தவர்கள் அவர்களில் அநேகமாக யாரும் இல்லை.

அவர்கள் சாப்பிட்டது ரொம்ப சாதாரணம். உமி மட்டும் நீக்கிய முழு தானியம், காய்கறி, பால், ஆப்ரிகாட் பழம், எப்போதாவது இறைச்சி. வெள்ளை மாவு, டப்பா உணவு எதுவும் அந்த மலைக்கு வந்து சேரவில்லை.

டாக்டர்கள் எல்லோரும் நோய் ஏன் வருது என்று தேடிக்கொண்டிருந்த காலம் அது. சிலருக்கு நோய் ஏன் வரல என்று மெக்காரிசன் தேட ஆரம்பித்தார்.

1918: குன்னூரில் ஒரே ஒரு அறை

முதல் உலகப்போர் குறுக்கிட்டது. போர் முடியும் நேரத்தில், 1918-ல், அவர் குன்னூர் வந்தார். அங்கே 1907 முதல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் இயங்கி வந்தது. வெறிநாய்க் கடிக்குத் தடுப்பூசி தயாரிக்கும் இடம். அதில் ஒரே ஒரு அறை மெக்காரிசனுக்குக் கிடைத்தது. வேலை, பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணை.

அது என்ன பெரிபெரி? கால் மரத்துப்போகும். நடக்க முடியாது. சிலருக்கு உடம்பு வீங்கி, இதயம் பாதித்து உயிரே போகும்.

காரணம் ஓரளவு தெரிந்திருந்தது. ஜாவா தீவில் வேலை பார்த்த டச்சு டாக்டர் கிறிஸ்டியான் எய்க்மன், வெள்ளை அரிசி தின்ற கோழிகளுக்கு இதே மாதிரி நோய் வருவதை 1890-களில் கண்டுபிடித்திருந்தார். தவிடு கொடுத்தால் கோழிகள் தேறின. நெல்லை மில்லில் தீட்டி வெள்ளையாக்கும்போது தவிடும் முளைப் பகுதியும் போய்விடுகின்றன. அவற்றோடு பி1 வைட்டமினும் போகிறது.

தென்னிந்தியாவில் இந்த நோய் அதிகம் இருந்தது இன்றைய கடலோர ஆந்திராவில். அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசிதான் முக்கிய உணவு. புழுங்கல் அரிசி சாப்பிடும் பகுதிகளில் நோய் அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுசா போகாது. நம்ம ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நெல் அவித்தது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதைப் பின்னாளில் இதே குன்னூர் ஆய்வுக்கூடம்தான் விரிவாக அளந்து காட்டியது.

சுருங்கிப்போன தைமஸ்: நோய் எதிர்ப்பு சக்திக்கான முதல் தடயம்

மெக்காரிசன் பெரிபெரியோடு நிற்கவில்லை. வைட்டமின் இல்லாத உணவு கொடுத்த புறாக்கள், குரங்குகள் இறந்தபோது, ஒவ்வோர் உறுப்பையும் எடுத்து எடை போட்டார். நரம்பு மட்டும் கெடவில்லை. குடல் மெலிந்து புண்ணாகியிருந்தது. மண்ணீரல் சுருங்கியிருந்தது. எல்லாவற்றையும்விட மோசமாகச் சுருங்கிய உறுப்புகளில் ஒன்று, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி.

தைமஸ் எதற்கு இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நோய் எதிர்ப்பு அணுக்கள் பக்குவப்படும் இடம் அதுதான் என்பது 1961-ல்தான் தெரியவந்தது. அதற்கு முந்தைய வருஷம் மெக்காரிசன் இறந்துவிட்டார். தான் எழுதி வைத்த அளவுகளின் முழு அர்த்தம் தெரியாமலே போய்விட்டார்.

ஆனா ஒண்ணு அவருக்குப் புரிந்தது. ஒரே இடத்தில் இருந்த குரங்குகளில், கெட்ட உணவு சாப்பிட்டவற்றுக்கு வயிற்றுக்கடுப்பு வந்தது. நல்ல உணவு சாப்பிட்டவை தப்பித்தன. கிருமி எல்லோருக்கும் பொது. அதைத் தாங்கும் சக்தியைச் சாப்பாடு தீர்மானிக்கிறது. 1921-ல் வெளியான பற்றாக்குறை நோய்கள் பற்றிய அவரது புத்தகத்தின் சாரம் இதுதான்.

நடுவில் நின்றுபோன ஆய்வு

இந்த நேரத்தில் அவரது உடல்நிலை கெட்டது. சிகிச்சைக்காக ஊருக்குப் போனார். திரும்பி வந்தால் இன்னொரு அடி. 1923-ல் அரசு செலவைக் குறைக்க அமைத்த குழுவின் பரிந்துரையால் இந்த ஆய்வு நிறுத்தப்பட்டது. மக்கள் என்ன சாப்பிடுறாங்க என்று பார்க்கப் பணம் எதற்கு என்ற நிலைமை.

2 வருஷம் கழித்து, 1925-ல், ஆய்வு மறுபடி தொடங்கியது. 1928-ல் அது ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. முதல் இயக்குநர் மெக்காரிசன்தான்.

எலிகளுக்கு 7 ஊர் சாப்பாடு

அவரது மிகப் பிரபலமான சோதனை இந்தக் காலத்தில்தான் நடந்தது. பஞ்சாபின் சீக்கியர்கள் சாப்பிடும் மாதிரி உணவை எலிகளுக்குக் கொடுத்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி, பழம், வாரம் ஒருமுறை இறைச்சி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை இப்படிப் பிறப்பு முதல் 27 மாதம் வரை வளர்த்தார். மனிதக் கணக்கில் இது 50 வயசுக்கு மேல். அவற்றில் குறிப்பிடும்படி நோயே வரவில்லை என்று அவர் பதிவு செய்தார்.

குறையுள்ள உணவு கொடுத்த 2,000-க்கும் மேற்பட்ட எலிகளிடம் நிலைமை தலைகீழ். நுரையீரல், வயிறு, குடல், சிறுநீர்ப்பை, தோல், பல் என்று கிட்டத்தட்ட எல்லா உறுப்பிலும் நோய்.

7 வகை உணவுகளையும் ஒப்பிட்டார். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, மெட்ராஸ். கடைசியில் சீக்கிய உணவு சாப்பிட்ட எலிகளின் சராசரி எடை சுமார் 235 கிராம். மெட்ராஸ் உணவு சாப்பிட்டவை சுமார் 155 கிராம்.

மெட்ராஸ் உணவு என்று அவர் கொடுத்தது என்ன? கழுவிய பாலிஷ் அரிசிச் சோறு, துவரம்பருப்பு, காய்கறி, எண்ணெய், தேங்காய், சர்க்கரை போட்ட காபி, பேருக்குக் கொஞ்சம் மோரும் நெய்யும்.

அப்போ அரிசிதான் குற்றவாளியா?

இங்கேதான் பலர் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். கோதுமை நல்லது, அரிசி கெட்டது என்று இந்தச் சோதனை சொல்லவில்லை. 3 விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கணும்.

முதலாவது, எலிகள் எல்லாம் ஒரே இனம். சில சமூகங்கள்தான் பிறவியிலேயே வீரமானவை, மற்றவை பலவீனமானவை என்று பிரிட்டிஷ் ராணுவம் பிரித்துப் பார்த்த காலம் அது. ஒரே இன எலிகள் சாப்பாட்டால் மட்டும் வளர்ந்தும் தேய்ந்தும் போகின்றன என்றால், உடம்பின் வித்தியாசத்துக்குப் பிறவியைக் காரணம் காட்ட முடியாது. தெரிந்தோ தெரியாமலோ அந்தக் கருத்தின் அடித்தளத்தையே இந்தச் சோதனை அசைத்தது.

இரண்டாவது, மெட்ராஸ் உணவின் குறை அரிசி என்ற தானியத்தில் மட்டும் இல்லை. தவிடு போன அரிசி, அதைக் கழுவும்போது போகும் மிச்ச சத்து, பக்கத்தில் பாலும் கீரையும் போதாத தட்டு. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் பிரச்சினை. பால் வாங்க முடியாத ஏழைக் குடும்பத்துக்கு இது தேர்வும் கிடையாது, கட்டாயம்.

மூன்றாவது, கோதுமையும் தனியாக நின்றால் காப்பாற்றாது. முழுக் கோதுமை மாவு அதிகமாகவும் வைட்டமின் ஏ குறைவாகவும் இருந்த உணவைத் தின்ற எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கல் வந்ததை இதே மெக்காரிசன் காட்டினார். போதிய பால் சேர்த்ததும் கல் வருவது தடுக்கப்பட்டது. தானியத்தின் பெயர் முக்கியம் இல்லை. அது முழுசா இருக்கா, கூட என்ன இருக்கு என்பதுதான் முக்கியம்.

பிரிட்டிஷ் சாப்பாட்டுக்கும் அதே சோதனை

அவர் தன் நாட்டு உணவையும் விட்டுவைக்கவில்லை. பிரிட்டனின் ஏழைத் தொழிலாளர்கள் சாப்பிட்ட வெள்ளை ரொட்டி, மார்ஜரின், ஜாம், டப்பா இறைச்சி, வேகவைத்த முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும், சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ... இதையும் எலிகளுக்குக் கொடுத்தார்.

அவை சரியாக வளரவில்லை. ஒன்றோடொன்று கடித்துக்கொண்டன. சுமார் 2 மாதத்தில் பலமான எலிகள் பலவீனமானவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. நிமோனியாவும் வயிற்று நோயும் அதிகம். இந்தியாவை ஆண்ட நாட்டின் ஏழைச் சாப்பாடும் மெட்ராஸ் ஏழைச் சாப்பாட்டைவிட உயர்ந்தது இல்லை என்பது இதில் தெரிந்தது.

கோவையில் எருவும் தானியமும்

மண்ணையும் அவர் விடவில்லை. கோவையில் இருந்த அரசு வேளாண் வேதியியலாளர் விஸ்வநாத்துடன் சேர்ந்து, மாட்டு எரு போட்டு விளைந்த தானியத்தையும் ரசாயன உரத்தில் விளைந்ததையும் ஒப்பிட்டு 1926-ல் வெளியிட்டார். எருவில் விளைந்ததில் சத்து கூடுதல் என்பது அவர்கள் கண்ட முடிவு. இது இன்றைக்கும் விவாதத்தில் இருக்கும் விஷயம். எல்லா மண்ணுக்கும் பயிருக்கும் இது பொருந்தும் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனா இயற்கை விவசாய இயக்கத்துக்குத் தூண்டுதல் தந்தவர்களில் மெக்காரிசன் பெயரும் இருக்க இதுவும் ஒரு காரணம்.

எங்கே சறுக்கினார்?

கழலை விஷயம் ஒன்று. இன்னொன்று ஹன்சா. அவர் எழுதியதைப் படித்த மற்றவர்கள், அங்கே யாருக்கும் நோயே வராது, 100 வயசுக்கு மேல் வாழ்வாங்க என்று கதை கட்டினார்கள். பின்னால் அங்கே போய்த் தங்கி மருத்துவம் பார்த்தவர்கள், அந்த மக்களுக்கும் மலேரியா, வயிற்றுக்கடுப்பு, கண் நோய் எல்லாம் இருப்பதைப் பார்த்தார்கள்.

எலி வேற, மனுஷன் வேற என்பதையும் மறக்கக் கூடாது. எலியின் எடை கூடினால் நல்லது. மனிதர்களில் எடை கூடுவதே நோய் ஆகும் காலம் இது. பஞ்சாப் உணவில் இருந்த வெண்ணெயின் அளவு, நாள் முழுக்க வயலில் உழைத்தவருக்குச் சரி. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அப்படியே பொருந்தாது.

குன்னூரை விட்டுப் போன பிறகு

1933-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1935-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அடுத்த வருஷம் லண்டனில் தன் ஆய்வுகளைத் தொகுத்து உரைகள் நிகழ்த்தினார். தேச நலன் என்பது மக்கள் சாப்பிடும் தட்டில் தொடங்குகிறது என்பதுதான் அவற்றின் மையம். ஆக்ஸ்ஃபோர்டில் வசித்த அவர், 1945 முதல் 10 ஆண்டுகள் அங்கே டாக்டர்களின் மேற்படிப்புக்குப் பொறுப்பாக இருந்தார். 1960-ம் ஆண்டு மே 18-ம் தேதி காலமானார். குழந்தைகள் இல்லை.

குன்னூரில் ஒற்றை அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. 1969 முதல் அதன் பெயர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இந்தியர்கள் என்ன சாப்பிடணும் என்று வழிகாட்டுதல் வெளியிடுவது இன்றைக்கும் அந்த நிறுவனம்தான்.

இன்னைக்கு இது நமக்கு ஏன் முக்கியம்?

பெரிபெரி இன்றைக்கு அபூர்வம். அந்த இடத்தில் வேற நோய்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். 2024-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 சதவீதத்துக்கு ஆரோக்கியமற்ற உணவுமுறையே காரணம் என்கிறது.

அந்த வழிகாட்டுதலும் மெக்காரிசனின் கூண்டுகளும் காட்டும் வழி பெரும்பாலும் ஒண்ணுதான்:

• தட்டில் சோறு மட்டும் மலை மாதிரி இருக்கக் கூடாது. ஒரு நாள் சக்தியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது நிறுவனம்.

• சாப்பிடும் தானியம் முடிந்தவரை தவிட்டோடு இருக்கட்டும். கைக்குத்தல் அரிசி, கேழ்வரகு, கம்பு எதுவானாலும் சரி. பாலிஷ் அரிசிதான் கிடைக்கிறது என்றால் புழுங்கல் அரிசி பரவாயில்லை. அதையும் தண்ணீர் தெளியும்வரை அலசித் தள்ள வேண்டாம்.

• பயறு, கீரை, காய், பழம், பால் அல்லது மோர், பழக்கம் இருந்தால் முட்டையும் மீனும். இதில் எதுவும் தனியாக அதிசயம் செய்யாது. சேர்ந்து இருந்தால்தான் பலன்.

• சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் உணவை மாற்றும் முன் டாக்டரிடம் கேட்டுக்கணும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லணும். நல்ல சாப்பாடு இருந்தால் மருந்தே வேண்டாம், தடுப்பூசியே வேண்டாம் என்று சமூக வலைதளங்களில் வரும் பதிவுகளுக்கு மெக்காரிசனைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. அவர் வேலை பார்த்த அதே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில்தான் நாய் கடித்தவர்களுக்குத் தடுப்பூசி தயாரானது. பெரிபெரிக்கு மருந்து தவிட்டில் இருந்தது. நாய்க்கடிக்கு மருந்து ஊசியில் இருந்தது. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தன.